உப்பிலி என்ற உலகம்: ஒரு வரியை எழுதாமல் விட்டுவிடலாமா?

அளத்துக் கணக்கு கேட்கிறார்:

வணக்கம். விஷயம் சின்னதுதான். ஆனால் வீட்டில் இரண்டு நாளாக யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, அதனால் கேட்கிறேன்.

நான் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. விடுமுறைக்கு அக்கா பையன்கள் இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். பெரியவன் ஏழாவது முடித்துவிட்டான், சின்னவன் ஐந்தாவது. என் மகள் மூன்றாவது. மூன்று பேரையும் செல்போனிலிருந்து பிரித்து வைக்க ஏதாவது ஒரு வழி வேண்டியிருந்தது. ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பாயை விரித்து, இல்லாத உலகம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து உண்டாக்குவது என்று ஆரம்பித்தோம். விதி இரண்டே இரண்டு. ஒரு ராத்திரிக்கு ஒருவர் ஒரே ஒரு சங்கதிதான் சொல்லலாம். அதைப் போன வருஷத்து மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் நான் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுவேன். எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது.

முதல் ராத்திரி, முதல் ஆள் என் மகள். "அங்க கடல் தண்ணி உப்பா இருக்காது. எளநி மாதிரி இருக்கும்" என்றாள். குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைகிற மாநிலத்தில், அதிலும் தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு, அப்பன் பிழைப்பிலேயே கை வைத்தாள். என் மாமியார் விசிறியை நிறுத்திவிட்டு, "அப்படின்னா அந்த ஊருக்கு உப்பிலின்னு பேர் வை" என்றார். அவர் கும்பகோணத்துக்காரர். பக்கத்துத் திருநாகேஸ்வரத்தில் இருக்கிற பெருமாளுக்கு ஒப்பிலியப்பன் என்று பெயர், தனக்கு ஒப்பில்லாதவர். அங்கே நைவேத்தியத்தில் உப்புச் சேர்ப்பதில்லை என்பதால் ஜனங்கள் வாயில் அவர் உப்பிலியப்பன் ஆகிவிட்டார். பெயர் அப்படி வந்தது.

அதற்கப்புறம் தினமும் ஏறிக்கொண்டே போனது. சின்னவன் மேற்கே ஒரு மலையை வைத்தான். அந்த மலையில்தான் உப்பு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது ஆடுகள், பாறையை நக்கி நக்கி. மலைக்குப் போகிற வழி ஆட்டுக்குத்தான் தெரியும் என்பதால் ஆட்டுக்கு ஓட்டுரிமை உண்டு என்று என் மகள் சேர்த்தாள். மாமியார் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. உப்பிலியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீராகத் தேங்காய் அளவு உப்புக்கட்டி ஒன்று கொடுப்பார்களாம். அதில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டிருப்பார்கள். குழம்பு கொதிக்கும்போது கட்டியை இறக்கி, மூன்று எண்ணும்வரை முக்கிவிட்டு, மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். மருமகள் ஐந்து எண்ணினால் வீட்டில் சண்டை.

பெரியவன் மூன்றாம் நாள் சாகாத ராஜா ஒருவனைக் கொண்டுவந்தான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினேன். ஒன்பதாம் ராத்திரி அவன் முறை வந்தபோது சொன்னான்: "ராஜா கையைத் தட்டினா எவ்வளவு உப்பு வேணும்னாலும் வரும்."

யாரும் பேசவில்லை. என் மகள்தான் முதலில்: "அப்ப ஆடு எதுக்கு? மலை எதுக்கு? அத்தான் எல்லாத்தையும் கெடுக்கிறான்ப்பா." அழுகை. அவனோ, "விதி விதிதான மாமா, எழுதுங்க" என்று நிற்கிறான். நான் "நாளைக்கு எழுதுறேன்" என்று காலண்டரைச் சுருட்டிவிட்டேன். இரண்டு நாளாக அது பீரோ மேலேதான் கிடக்கிறது.

அந்த வரியை எழுதாமலே விட்டுவிடலாமா? எழுதினால் இத்தனை நாள் கட்டியது போச்சு. எழுதாவிட்டால் என் மருமகன் முகத்தில் நான் எப்படி முழிப்பது?


சும்மா வந்தவன்:

அண்ணாச்சி, உப்புப்பெறாத விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கேள்வியா? ஆளுக்கொரு குச்சி ஐஸ் வாங்கிக்கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும்.


அளத்துக் கணக்கு:

உப்புப்பெறாத விஷயம்தான் தம்பி. அந்த ஊரில் எதுவுமே உப்புப் பெறாது. குச்சி ஐஸ் வாங்கிக்கொடுத்தாயிற்று. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றார்கள்.


பகடை:

கோயம்புத்தூரில் நாங்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒரு ஞாயிறு இதே வேலையைத்தான் செய்கிறோம், நாற்பது வயதில். எங்கள் வீட்டிலும் குச்சி ஐஸ் யோசனை சொல்பவர்கள் உண்டு.

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் விதியை மீறியது பையன் இல்லை, நீங்கள்தான். அவன் முறை, அவன் சொன்னான். எழுதுவது உங்கள் வேலை. இன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள், அவன் கண் முன்னால்.

பென் ராபின்ஸ் என்பவர் 2011ல் வெளியிட்ட 'மைக்ரோஸ்கோப்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கூட்டாக ஒரு உலகத்தின் முழுச் சரித்திரத்தையே உண்டாக்குவது. அதில் எனக்கு முதலில் எரிச்சலாகவும் பிறகு ஆச்சரியமாகவும் இருந்த விதி ஒன்று: ஒருவர் முறையில் மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது. "இப்படி வைத்தால் நன்றாக இருக்குமே" என்று வாய் திறக்கவே கூடாது. குழுவாகப் பேசி முடிவெடுத்தால் எல்லோருக்கும் பாதி பிடித்த, யாருக்கும் முழுதாகப் பிடிக்காத சவசவ உலகம்தான் வரும். உங்கள் மாமியாரின் உப்புக்கட்டியைக் கமிட்டி போட்டு யோசித்திருந்தால் வந்திருக்குமா?

அதே விளையாட்டில், ஆரம்பிக்கும் முன்பே என்னென்ன கட்டாயம் வரலாம், என்னென்ன வரவே கூடாது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி எழுதி வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் சேர்ந்து பேசுவது அங்கே மட்டும்தான். நீங்கள் அதைச் செய்யவில்லை. "மந்திரத்தால் பொருள் வரக் கூடாது" என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் கதை வேறு. இப்போது சொன்னால் அது விதி ஆகாது, அந்தப் பையனுக்கு மட்டும் போட்ட தடை ஆகிவிடும்.

சரி, எழுதிய பிறகு என்ன செய்வது? "எங்கிருந்து வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். உப்பு சும்மா வராது, வந்தால் எங்கேயோ குறைய வேண்டும். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பெரியவனையும் கேட்காதீர்கள், அவன் "சும்மா வரும்" என்பான். அழுத பிள்ளையைக் கேளுங்கள். அடுத்த சங்கதி அவள் முறை.


ஆறு பேரில் மூத்தவன்:

பகடை சொல்வது சரி. நான் சொல்ல வந்தது வேறு. நானும் ஒரு காலத்தில் அந்தப் பெரியவன்தான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒன்பது ராத்திரி ஆட்டைப் பற்றியும் குழம்பைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் போரடிக்கிறது அண்ணாச்சி. கைதட்டுகிற ராஜா அவன் கொட்டாவி.

படம் வரைகிற வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். மலை எங்கே, துறைமுகம் எங்கே, ஆட்டுப்பாதை எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியவன் அவனாக இருந்தால் மலையைக் காலி செய்ய அவனுக்கே மனசு வராது.


பூகோள டீச்சர்:

முப்பத்து மூன்று வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். தம்பி, சண்டையைத் தீர்க்க எனக்குத் தெரியாது, என் வகுப்பில் நான் ஸ்கேலால் தீர்த்தேன். ஆனால் உங்கள் உலகத்தைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

நம் கடல் ஏன் உப்பு? மழைத் தண்ணீர் பாறையைக் கரைத்துக் கரைத்து ஆற்றோடு கடலுக்குக் கொண்டுவருகிறது. கடலிலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கோடிக்கணக்கான வருஷமாக இதே கணக்கு. உங்கள் அளத்தில் பாத்தியில் நடப்பதும் இதுதான், அங்கே சில வாரத்தில் முடிந்துவிடுகிறது, அவ்வளவே. அப்படியானால் உப்பிலிக் கடல் இளநீராக இருக்க ஒரு காரணம் வேண்டும். ஒன்று, அந்தக் கடல் ரொம்பச் சின்ன வயசு. அல்லது யாரோ உப்பை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சின்னவன் மேற்கே உப்பு மலையை வைத்தான் பாருங்கள், அவனுக்கு என் சார்பில் ஒரு முத்தம். பாகிஸ்தானில் கேவ்ரா என்ற இடத்தில் மலைக்குள் உப்புச் சுரங்கம் இருக்கிறது. எப்போதோ அங்கே இருந்த கடல் வற்றி, அதன் உப்பு மண்ணுக்குள் புதைந்து, பிறகு மலையோடு மேலே எழும்பியது. ஆக, உப்பிலியின் மலைதான் அதன் பழைய கடல். இப்போது இருப்பது புதுக் கடல்.

ஆடு நக்குவதும் கற்பனை இல்லை. கென்யாவில் எல்கன் மலையில் கிட்டும் என்ற குகைக்குள் யானைகள் ராத்திரியில் இருட்டில் தடவித் தடவிப் போய், தந்தத்தால் சுவரைப் பெயர்த்து உப்புத் தின்னும். நேபாளத்து மலைகளில் இன்னொன்று. ஒரு காலத்தில் திபெத்திலிருந்து உப்பை யாக் மாடுகள் மேலும் செம்மறியாடு, வெள்ளாடு மேலும் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி இறக்கிக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றினார்கள். நம் சங்கப் பாட்டில் உமணர் கடற்கரையிலிருந்து வண்டி கட்டி உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோவார்கள், நெல்லுக்குச் சரிக்குச் சரி அளந்து கொடுப்பார்கள். உப்பிலியில் அந்த வண்டி தலைகீழாக, மலையிலிருந்து கடலுக்கு வரும். ஓட்டுரிமை கொடுத்தது நியாயம்தான்.

ராஜா கதைக்கு ஒரு துப்பு. எத்தியோப்பியாவில் 'அமோலே' என்ற உப்புக்கட்டிதான் நூற்றாண்டுக் கணக்கில் காசாகப் புழங்கியது. உங்கள் ஊரிலும் சீர் உப்பில்தான் என்றால் அதுவும் காசு மாதிரிதான். ராஜா தட்டத் தட்ட என்ன ஆகும் என்று கணக்குப்பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா?

கப்பல் வரைந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரில் கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழும். அதற்குத்தான் நிஜக் கப்பல்களின் பக்கவாட்டில் நல்ல தண்ணீருக்கு ஒரு கோடு, கடல் தண்ணீருக்கு ஒரு கோடு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.


பகடை:

டீச்சர், கும்பிடுகிறேன்.

இன்னொன்று நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் சண்டை போட்டால் உலகம் உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 1826ல் யார்க்‌ஷயரில் ஹாவொர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார், லீட்ஸுக்குப் போய்த் திரும்பும்போது மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். பையன் பிரான்வெல். அவனுடைய மூன்று சகோதரிகளும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டார்கள். அக்கா சார்லட் தன் சிப்பாய்க்கு நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டனின் பெயரை வைத்தால், தம்பி தன்னுடையதற்கு அந்த நெப்போலியன் போனபார்ட்டின் பெயரையே வைத்தான். அதிலிருந்தே தெரியவில்லையா வீட்டு நிலவரம்! அந்தப் பொம்மைகளுக்காக ஒரு நகரம், அதற்குச் சரித்திரம், பொம்மைகள் படிக்கிற அளவில் தீப்பெட்டி மாதிரிக் குட்டிக் குட்டிப் புத்தகங்கள். நான்கு பேரும் தங்களையே பூதங்களாக அந்த உலகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள், செத்தவர்களை எழுப்புகிற சக்தியோடு. உங்கள் சாகாத ராஜாவை விட இது மோசம், ஒருவன் கொன்றால் இன்னொருத்தி எழுப்பிவிடலாம். ஆனாலும் விளையாட்டு வருஷக்கணக்கில் ஓடியது.

பிற்பாடு சின்னவர்கள் எமிலியும் ஆனும் அந்த ராஜ்யத்தை விட்டுப் பிரிந்து போய் 'கோண்டால்' என்று தனித் தீவு ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். அதைக் கடைசிவரை விடவில்லை. 1845ல் இரண்டு பேரும் யார்க் நகருக்குப் போனபோது வழியெல்லாம் கோண்டால் ஆட்களாக நடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள், இருபத்தைந்து, இருபத்தாறு வயதில். பிரான்டி குடும்பத்தைத் தெரியாதவர்களுக்கு: பிறகு நாவல் எழுதிப் பெயர் வாங்கிய அதே சகோதரிகள்தான்.

ஆக, நிலைமை ரொம்ப மோசமானால் உங்கள் மகளுக்கு ஒரு தீவு கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் "எங்கிருந்து வருகிறது" கேட்டுப் பாருங்கள்.


அளத்துக் கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்னால் மூன்று பேரையும் அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அளத்துக்கு நல்ல பருவம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும், மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் காற்றும் புழுதியும்தான். அந்தக் காய்ச்சல்தான் எங்கள் சோறு. ஐப்பசி மழை விழுந்தால் வேலை நின்றுவிடும். தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்பதை நாங்கள் டிகிரியில் பார்ப்போம். கடல் தண்ணீர் 3 டிகிரி சுமாருக்கு இருக்கும், அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்து 25 வந்தால் உப்பு விழ ஆரம்பிக்கும். டிகிரி பார்க்கிற குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு என் மகளையே படிக்கச் சொன்னேன். 24 என்றாள். பாத்தியின் மேல் பால் ஆடை மாதிரி மெல்லிசாக ஒன்று படிந்திருந்தது, காற்றுக்கு அது ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. சின்னவன் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "நான் ஆடு" என்றான்.

பெரியவன் அம்பாரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையாக, ஆள் உயரத்துக்கு மேலே, சிலது ஓலை போட்டு மூடியது, சிலது தார்ப்பாய். "இவ்வளவையும் எப்ப மாமா விப்பீங்க?" என்றான். விலை வந்தால்தான் விற்போம், எல்லா அளத்திலும் நன்றாக விளைந்துவிட்டால் விலை விழுந்துவிடும், கூலியும் லாரி வாடகையும் போகக் கையில் ஒன்றும் நிற்காது என்றேன். "நெறைய விளைஞ்சா நல்லதுதான?" என்றான். இல்லை என்றேன். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது மட்டும், "அப்ப ராஜா நெறைய தட்டினான்னா ஆட்டுக்காரங்கல்லாம் செத்தாங்க" என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. டீச்சர், நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக.

ராத்திரி காலண்டரை விரித்து, அவன் பார்க்க அந்த வரியை எழுதினேன். 33வது. அவன் கொஞ்சம் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என் மகளிடம், "இப்ப உன் முறை. அந்த உப்பு எங்க இருந்து வருது?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தாள். ஸ்கெட்ச் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தாள். "பாட்டி ஊறுகா ஜாடில இருந்து" என்றாள்.

அதாவது, ராஜா ஒரு தடவை தட்டினால் உப்பிலியில் உள்ள எல்லாப் பாட்டிகளின் ஜாடியிலிருந்தும் உப்பு போய்விடும். மறுநாள் காலை திறந்து பார்த்தால் மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். எங்கே பூத்தாலும் ஜனங்களுக்குத் தெரிந்துவிடும், நேற்று அரண்மனையில் விருந்து என்று. என் மாமியார், "என் ஜாடியை ஏண்டி இழுக்கிற" என்று சத்தம் போட்டார், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்னவன், பூசணத்தை முதலில் மோப்பம் பிடிப்பதும் ஆடுதான் என்று அவன் முறையில் சேர்த்துவிட்டான். அவனுக்கு எல்லாவற்றிலும் ஆடு வர வேண்டும்.

அப்புறம் பெரியவன் முறை. இன்னும் பெரிய மந்திரம் ஏதாவது வரப்போகிறது என்று நான் தயாராக இருந்தேன். அவன் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னான்: "அந்த ராஜாவுக்கு ஊறுகான்னா உயிர்."

என் மகள்தான் முதலில் சிரித்தாள்.

படம் வரைகிற வேலையை அவனிடமே கொடுத்துவிட்டேன். மலையை மேற்கே போட்டு, அரண்மனையை வேண்டுமென்றே ஊறுகாய்த் தெருவுக்கு நடுவில் வைத்திருக்கிறான். ஒரு கப்பலும் இருக்கிறது. விளிம்பு வரைக்கும் அமிழ்ந்து போய், இன்னும் ஒரு ஆடு ஏறினால் மூழ்கிவிடும் போல.

நேற்று மாமியார் தன் முறையை எடுத்துக்கொள்ளவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். வரும்போது கிளிமூக்கு மாங்காய் இரண்டு கிலோவும் கல்லுப்பும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். உப்பளத்துக்காரனிடம் கல்லுப்பு வாங்கி வரச் சொல்வது இருக்கட்டும், வீட்டில் போன மாதம் போட்ட ஊறுகாயே பாதி ஜாடி இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் ராத்திரி தெரியும் என்கிறார்.